கடைசித் துளை

செத்த பிறகும் இந்த மனுசனுக்கு நான்தான் எடுபிடி.

வாட்ச் கடைப் படியேறும்போது அகிலாண்டேஸ்வரி மனதுக்குள் சொல்லிக்கொண்டது இதுதான். மாமனார் சங்கரநயினாரின் பழைய சாவி கொடுக்கிற வாட்ச், வார் இல்லாமல், கைக்குட்டையில் முடிந்து கைப்பையில் கிடந்தது. அவர் போய் நாற்பது நாள். நாளைக் காலையில் அவருடைய நெசவாளர் சங்கத் தலைவர் நாற்காலியில் மகன் சிவகணேஷ் உட்காரப்போகிறான். தலைவராவதற்குத் தலை வேண்டாம், அப்பாவின் வாட்ச் போதும் என்று நம்புகிற ஆள் அவள் புருஷன்.

கடைக்காரர் முகம்மது மைதீன் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு கேட்டார். “பழைய வார் எங்கக்கா?”

“எரிஞ்சு போச்சு பாய்.”

பொய்யில்லை. கடைசியாகக் கையில் கிடந்தது எதுவோ அது உடம்போடுதான் போகும்; அந்தக் குடும்பத்து வழக்கம் அது. பிணத்தைக் குளிப்பாட்டும்போது சிவகணேஷ், “செத்தவரு மணி பாத்து எந்த பஸ்ஸைப் பிடிக்கப் போறாரு?” என்று சிரித்துக்கொண்டே கத்தரியால் வாரை வெட்டி வாட்சை உருவிக்கொண்டான். வெட்டுண்ட வார் பிணத்தின் விரல்களுக்குள் இருந்தது. எப்படி உள்ளே போனது என்று யாரும் கேட்கவில்லை. பிரிக்க முடியாத அந்தக் கையோடுதான் அவர் எரிந்தார்.

“இதுக்குத் தடி வார் போட்டா எலிக்கு யானைச் சங்கிலி கட்டுன மாரி இருக்கும்,” என்றார் மைதீன். மெலிசான தோல் வார் ஒன்றை எடுத்துப் பின்னில் கோத்தார். சிவகணேஷின் மணிக்கட்டை அளந்த நூலை அவள் நீட்டினாள்.

“யம்மா, என்னா தடி! நுனித் துளையிலதான் அண்ணனுக்குச் சேரும். உள்ள இருக்க கடைசித் துளை குச்சிக் கைக்குல்லா. சாவி குடுத்துப் பாத்துருவமா?”

“வேண்டாம். அதை அவுங்களே குடுத்துக்கிடட்டும்.”

குச்சிக் கை. பக்கவாதத்தில் சங்கரநயினாரின் வலப்பக்கம் விழுந்து பதினோரு வருசம். தினமும் காலையில் இடது கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டுவார். அவள் சாவி கொடுத்து, கடைசித் துளையில் மாட்டிவிட வேண்டும். மணி பார்ப்பார். “ஆறு மூணு. மகாராணிக்கு இப்பதான் விடிஞ்சுதோ?” அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர அவளிடம் பேச அவருக்கு வேறு எதுவும் இருந்ததில்லை.

வாட்சை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

மத்தியானம் கரண்டு போனது. பின்தெருத் தறிகளெல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. காது அடைத்துப்போன மாதிரி அமைதி.

அதற்குள் ஒரு சத்தம்.

டிக். டிக். டிக்.

பீரோவுக்குள்ளிருந்து.

திறந்தாள். கற்பூரமும் கெட்ட வேர்வையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. அவருக்கு அவள் தேய்த்துவிட்ட தைலம். சாவி கொடுக்காத வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வாங்கிய வார் பல வருசம் மாட்டியது போல வளைந்து கிடந்தது. மடிப்பு விழுந்திருந்தது ஒரே இடத்தில்.

கடைசித் துளையில்.

தொட்டாள். ஈரம்.

பயந்தாள்தான். ஆனால் பயத்துக்கும் முன்னால் வந்தது அருவருப்பு. சாவு வந்துமா உனக்குப் புத்தி வரவில்லை?

ராத்திரி சிவகணேஷ் கேட்டபோது வாட்சை எடுத்துக் கொடுத்தாள். மத்தியானம் கண்டதைச் சொல்லவில்லை. அவனும் எதையும் கவனிக்கவில்லை. என்றைக்குத்தான் கவனித்தான்?

காலையில் அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் நடை. ஒரு கால் ஊன்றும், மறுகால் தரையில் இழுபடும்.

திரும்பினாள்.

வெள்ளை வேட்டி சட்டையில் சிவகணேஷ். வலது கை கயிறு மாதிரித் தொங்கியது. இடது கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். மாட்டாத வார் மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஆறு மூணு,” என்றான். “மகாராணிக்கு இப்பதான் விடிஞ்சுதோ?”

தைல வாடை.

“மாட்டி விடுட்டி. கடைசித் துளையில.”

நேற்று அவள் நூல் சுற்றி அளந்த மணிக்கட்டு அது. இப்போது குச்சியாக இருந்தது. கடைசித் துளை கச்சிதமாகச் சேரும்.

ஒரு கையால் தனக்குத்தானே மாட்டிக்கொள்ள இவரால் முடியாது. பதினோரு வருசமாக முடிந்ததில்லை. இன்றைக்கு அவள் மாட்டிவிட்டால் இந்தக் கை இப்படியே நிலைத்துவிடும். நாளைக்கும் நீளும், மறுநாளும். அந்தக் கண்களுக்கு உள்ளே எங்கேயோ சிவகணேஷ் இருந்தான். அங்கேயும் அவன் அப்பா சொல்வதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பான்.

நீட்டிய கை அசையவில்லை. டிக். டிக்.

அகிலாண்டேஸ்வரி அடுப்பைத் தணித்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“வேண்டாம் மாமா,” என்றாள், பால் பொங்குகிற சத்தத்தைவிட மெதுவாக. “இனி நான் மாட்டி விடுததா இல்ல.”