அலைவாயில் நின்ற மோட்டார்

மோட்டார் நின்றுவிட்டது.

படகோட்டும் பையன் டெய்வர் அதன் கயிற்றைச் சுண்டி இழுத்தான். மோட்டார் ஒரு தரம் இருமியது. மறுபடி இழுத்தான். இப்போது அந்த இருமலும் இல்லை.

படகு மெல்லத் திரும்பி, வந்த வழியே பின்னால் போகத் தொடங்கியது. பின்னால்தான் ஆறு கடலோடு சேரும் இடம். அங்கே மணல்திட்டின் மேல் அலைகள் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. கடல் வற்றும் நேரம் வேறு. ஆற்றுத் தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கமே இழுத்தது.

லெய்னி தன் தேங்காய் மூட்டையை இறுகக் கட்டிக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் அம்மாவின் கடைக்குத் தேங்காய் கொண்டுபோகிற ஆறுதான். ஆனால் மோட்டார் சத்தம் இல்லாமல், அலைச் சத்தம் மட்டும் இவ்வளவு கிட்டத்தில் கேட்டதே இல்லை.

"என்னடா டெய்வர், மோட்டாரைத் தூங்க வச்சுட்டியா? நல்லாத்தான் தாலாட்டு பாடுறே!" என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த லிபார்தோ. அவர் மடியில் ஒரு சேவல் இருந்தது.

"சிரிக்காதீங்க மாமா. துடுப்பைப் போடுங்க, சீக்கிரம்!"

அவன் குரல் நடுங்கியதைக் கேட்டதும் லிபார்தோவின் சிரிப்பு நின்றது. சேவலை லெய்னியிடம் கொடுத்துவிட்டுத் துடுப்பை எடுத்தார். மூச்சு வாங்கத் துடுப்பு போட்டும் படகு முன்னால் போகவில்லை. பின்னால் போகிற வேகம்தான் கொஞ்சம் குறைந்தது.

"அப்பவே சொன்னேன்!" என்றாள் எமெரிதா பெரியம்மா. சதுப்புக்காட்டில் சிப்பி பொறுக்கி விற்கிறவள். அவள் பேசினால் இரண்டு கரைக்கும் கேட்கும். "மீசை முளைக்காத பையன்கிட்ட படகைக் குடுக்காதேன்னு அகிலேயோகிட்ட தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டானா? இப்ப என் சிப்பியெல்லாம் வந்த இடத்துக்கே போகப்போகுது. நானும் கூடவே போகப்போறேன்!"

டெய்வரின் காதுமடல் சிவந்தது.

அவனுக்குப் பதினேழு வயது. படகோட்டியாக இன்றுதான் முதல் நாள். வீட்டில் அவனுக்குப் பின்னால் மூன்று தங்கைகள். படகின் சொந்தக்காரர் அகிலேயோ முந்தின படகில், ஆற்றின் மேலே இருக்கும் குவாப்பி ஊருக்குப் போகும்போது எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்: "இன்னைக்கு ஒரு நாள் பாக்குறேன். ஒழுங்கா வந்து சேந்தா நாளைக்கும் நீ. நடுவுல கோளாறு பண்ணினே, என் மச்சான் மகன் காத்துக்கிட்டிருக்கான்."

டெய்வர் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கழன்றால் மோட்டாரை நிறுத்திவிடும் சிவப்புச் சுருள் கயிறு அதன் இடத்தில் மாட்டியிருந்தது. கியர் நியூட்ரலில்தான் இருந்தது. சோக்கை இழுத்துப் பார்த்தான், தள்ளிப் பார்த்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மூக்கருகே வைத்தான்.

"காஞ்சு கிடக்கு. பெட்ரோல் வாசனையே இல்ல," என்று தனக்குத்தானே சொன்னான். "டேங்க்ல நிறைய இருக்கே! அப்புறம் ஏன் வரல?"

பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, பெட்ரோல் குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் உருண்டையை அமுக்கினான். கல் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டிய உருண்டை அது. இப்போதோ தட்டையாக ஒட்டிக் கிடந்தது.

லெய்னி அதையே பார்த்தாள். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஆ, பழச்சாறு டப்பா! குழல் போட்டு விடாமல் உறிஞ்சினால் டப்பா இப்படித்தான் ஒட்டிப்போகும். வாயை எடுத்துக் காற்று உள்ளே போனால்தான் பழையபடி உப்பும்.

அப்படியானால் டேங்க்குக்குள் காற்று போகவில்லையா?

அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது.

சற்று முன் மழை வந்தது. அங்கே மழை வராத நாள் ஏது? முதல் துளி விழுந்ததும் அந்த ஊர்ப் பெண்களின் கை தானாக நீளும். எது திறந்திருந்தாலும் மூடிவிடும். எமெரிதா பெரியம்மாவும் மூடினாள். உப்பு டப்பாவை மூடினாள். சிப்பிக் கூடையை மூடினாள். பாவம் என்று சேவலின் தலைக்கும் ஒரு துணியைப் போட்டாள். அப்புறம் முழங்காலருகே இருந்த சிவப்பு டேங்க்கைப் பார்த்தாள். அதன் மூடியின் மேல் இருந்த சின்னத் திருகையும் நறுக்கென்று இறுக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் ஓடித்தான் மோட்டார் நின்றது.

லெய்னி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

சொன்னால் என்ன ஆகும்? பெரியம்மா கத்துவாள். இல்லை, அதைவிட மோசம், அழுதாலும் அழுவாள். லிபார்தோ சும்மா விடமாட்டார். அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். டேங்க்குக்குள் மழை போகக் கூடாது என்றுதானே பெரியம்மா மூடினாள்?

இன்னொரு அலை உடைந்தது. தெறித்த தண்ணீர் லெய்னியின் முகத்தில் விழுந்தது. யோசிக்க நேரமில்லை.

"படகுல தண்ணி சேந்துடுச்சு, நான் இறைக்கிறேன்," என்றாள். சேவலைப் பெரியம்மாவின் மடியில் வைத்துவிட்டு, வெட்டிய பிளாஸ்டிக் கேனோடு டேங்க்கின் பக்கம் குனிந்தாள்.

சேவல் படபடவென்று அடித்துக்கொண்டது. "ஐயோ, இத யாரு என்கிட்ட குடுத்தது! குத்துது, குத்துது!" என்று பெரியம்மா அதனோடு சண்டை போட்டாள்.

லெய்னி திருகைப் பிடித்தாள். அசையவில்லை. பெரியம்மாவின் கை சிப்பி உடைக்கிற கை ஆயிற்றே! பாவாடை நுனியைச் சுற்றிப் பிடித்து மறுபடி திருகினாள்.

ஸ்ஸ்ஸ்...

டேங்க் நீளமாக மூச்சு இழுத்தது.

டெய்வர் திரும்பிப் பார்த்தான். திருகைப் பார்த்தான். லெய்னியைப் பார்த்தான். அவள் உதட்டில் விரலை வைத்து, கண்ணால் பெரியம்மாவைக் காட்டினாள்.

அவன் ரப்பர் உருண்டையை அமுக்கினான். அது கெட்டியாகிற வரை அமுக்கினான். பிறகு கயிற்றை இழுத்தான்.

இருமல். இன்னொரு இழுப்பு. டர்ர்ர்ர்ர்!

"அப்பாடா!" என்று லிபார்தோ துடுப்பைப் போட்டுவிட்டுப் படகிலேயே சாய்ந்தார். படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு ஆற்றின் மேல் ஏறியது.

குவாப்பித் துறையில் அகிலேயோ இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"ஏன்டா இவ்ளோ நேரம்?"

"மோட்டார் நின்னுடுச்சு முதலாளி. சரி பண்ணிட்டேன்."

"எதனால நின்னுச்சு?"

டெய்வர் பெரியம்மாவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "தெரியல முதலாளி."

"தெரியலயா? எதனால நின்னுச்சுன்னே தெரியாதவன்கிட்ட நாளைக்கு எப்படிடா படகைக் குடுப்பேன்?"

லெய்னி ஓரடி முன்னால் வந்தாள். "டேங்க் மூடியில இருக்கிற திருகு மூடியிருந்துச்சு மாமா. காத்து போகல. டெய்வர் அண்ணன் மேல தப்பே இல்ல."

"திருகு தானா மூடிக்குமா? யார் மூடினது?"

லெய்னி மணலைப் பார்த்தாள். டெய்வர் வானத்தைப் பார்த்தான்.

"நான்தான்!" என்று படகிலிருந்து குரல் வந்தது. எமெரிதா பெரியம்மா கூடையைத் தலையில் ஏற்றியபடி இறங்கி வந்தாள். "மழை கொட்டுது, அது ஆன்னு வாயைப் பொளந்துக்கிட்டு கிடக்கு. மூடாம வேற என்ன பண்றதாம்? அது மூச்சு விடுற ஓட்டைன்னு எனக்கு யாரு சொன்னா?"

அகிலேயோ ஒரு நொடி முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போன மாசம் என் பொண்டாட்டியும் இதையேதான் பண்ணினா! நான் மோட்டாரை அக்கு அக்காப் பிரிச்சுப் போட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் நடு ஆத்துல உக்காந்திருந்தேன்." டெய்வரின் முதுகில் ஒன்று வைத்தார். "நாளைக்குத் தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி வந்துடு. தாமதமா வந்தே, தொலைச்சுடுவேன்."

டெய்வர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். லெய்னியின் தேங்காய் மூட்டையை அவளைக் கேட்காமலே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

பெரியம்மா போகவில்லை. கூடையை ஒரு கையால் பிடித்தபடி லெய்னியின் முன்னால் வந்து நின்றாள்.

"நான் மூடினதை நீ பாத்தே இல்ல? அங்கேயே சொல்லியிருக்கலாமே, ஏன்டி சொல்லல? என்னைப் பாத்தா அவ்ளோ பயமாவா இருக்கு?"

ஆமாம் என்றால் வம்பு. இல்லை என்றால் பொய். லெய்னி என்னதான் சொல்வாள்?