ஆறாம் நம்பர் மெஷினில் பொரி

பொன்னி செத்து இரண்டு மாதம் கழித்துத்தான் நான் மறுபடி டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போனேன். 1982, கார்த்திகை தீபம் முடிந்த வாரம். திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு பாத்திரக் கடை மாடியில் சக்கரபாணி சாரின் இன்ஸ்டிடியூட் இருந்தது. பகலிலேயே லைட் போட வேண்டிய நீள அறை. மெஷின் எண்ணெய் வாடை, ரிப்பன் மை வாடை, அதற்கும் அடியில் பழைய வீட்டின் ஈர வாடை. மாடிப்படி ஏறும்போதே பதினோரு மெஷின்களின் சத்தமும் காதில் விழும்.

சார் மேசையிலிருந்து நிமிராமலே சொன்னார்.

“ராஜமதி, இனிமே நீ ஆறாம் நம்பர்ல உக்காரு.”

அந்த மெஷினுக்காக ஒரு வருஷம் ஏங்கியவள் நான். அங்கே தமிழ் மெஷின் இரண்டே இரண்டு, ஐந்தும் ஆறும். ஐந்தில் அடித்தால் விரல் வீங்கும். ஆறைத் தொட்டாலே போதும். கிளாஸில் முதலில் சேர்ந்தவள் நான். ஆனாலும் ஆறு பொன்னிக்குத்தான் போயிற்று. அடி அண்ணாமலையிலிருந்து நடந்து வரும் பெண், களத்து வேலை முடித்துப் பசியோடு வரும் பெண் என்று சாருக்கு அவள் மேல் இரக்கம். மெஷின் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் வைத்தாலே கத்துகிற மனிதர், அவள் பொரியும் பொட்டுக்கடலையும் கொறித்துக்கொண்டே அடித்தால் பார்க்காத மாதிரி இருப்பார்.

வாய் கொறிக்கும், கை ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து நான் வரி வரியாகத் தப்பு விடுவேன். வயிறு எரியும் என்று சும்மா சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு நிஜமாகவே எரிந்தது.

ஆகஸ்ட் பரீட்சையில் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பரீட்சைக்கு அவரவர் பழகிய மெஷினையே ஹாலுக்குக் கொண்டுபோவோம். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றி, பள்ளிக்கூடத்து பெஞ்சில் இறக்கியாயிற்று. மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பொன்னி தண்ணீர் குடிக்கப் போனாள். அவள் பொட்டலம் பெஞ்சிலேயே இருந்தது. அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் நொறுக்கி, ஆறாம் நம்பரின் எழுத்துக் கம்பிகளுக்கு நடுவே தூவினேன். பிறகு என் இடத்தில் உட்கார்ந்து பேப்பரைச் சரி செய்துகொண்டேன்.

மூன்றாவது வரியிலேயே அவள் மெஷின் சிக்கிக்கொண்டது. கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அவள் ஃபெயில். நானும் ஃபெயில்தான், அது வேறு விஷயம். சார் மெஷினைக் கவிழ்த்துத் தட்டினார், பொரி கொட்டியது. எல்லார் முன்னாலும் அவளைத்தான் திட்டினார். பொன்னி என்னை மட்டும் ஒரு தடவை பார்த்தாள்.

அதற்கப்புறம் அவள் கிளாஸுக்கு வரவில்லை. செப்டம்பரில் மஞ்சள் காமாலை வந்து செத்துப்போனாள் என்று சொன்னார்கள்.

இப்போது ஆறு என்னுடையது. பிப்ரவரியில் மறு பரீட்சை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இந்தக் கிளாஸில் பொன்னியைவிட நான் நன்றாக அடித்தேன் என்று யாராவது சொல்ல வேண்டும்.

உட்காருமுன் மெஷினைத் துடைப்பது அங்கே அவரவர் வேலை. பிரஷ்ஷால் தட்டினேன். குண்டூசியால் எழுத்துகளின் இடுக்கைக் கிளறினேன். உள்ளேயிருந்து பொரித்தூள் வந்தது, கடலைத் தோல் வந்தது. பழசு மிச்சம் என்று நினைத்துக் காகிதத்தில் கூட்டி எடுத்தேன். நாலு எறும்பும் இருந்தன. நாங்கள் சமணர், எறும்பை நசுக்க மாட்டோம். காகிதத்தோடு கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாளும் அதே அளவு இருந்தது.

அதற்கு மறுநாளும்.

மார்கழி பிறந்தபோது ஒன்றைக் கவனித்தேன். பொரி பழசில்லை. நமுத்துப்போகாமல் மொறுமொறுவென்று இருந்தது.

ஒருநாள் சார் வந்து பின்னால் நின்றார். காகிதத்தில் நான் கூட்டி வைத்திருந்ததைப் பார்த்தார்.

“இந்த மெஷின்ல உக்காந்தாலே உங்களுக்கெல்லாம் தின்னணும்னு தோணுமா?”

“நான் தின்னல சார். அஞ்சு மணிக்கே சாப்பிட்டுட்டுதான் வரேன். பொழுது சாஞ்சா நாங்க எதையும் வாயில வெக்க மாட்டோம், உங்களுக்கே தெரியும்.”

சார் என் முகத்தையே பார்த்தார்.

“அப்ப வாயோரத்துல என்னாது அது?”

தொட்டுப் பார்த்தேன். கடலைத் தோல்.

நாக்கில் வறுத்த ருசி இருந்தது.

கீழே ஓடிப்போய்க் குழாயடியில் வாய் கொப்பளித்தேன். எத்தனை கொப்பளித்தும் பல்லிடுக்கில் ஏதோ நெருடியது. அன்றைக்கு வீட்டில் அம்மா முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து காத்த விரதம் எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

அதோடு கிளாஸை விட்டிருக்கலாம். விடவில்லை. ஏனென்றால் என் கை வேகமாகிக்கொண்டே இருந்தது. வாரத்துக்கு வாரம் தப்பு குறைந்தது. நான் ஒரு வரியைப் படிப்பதற்குள் விரல்கள் அடுத்த வரிக்குப் போய்விடும். பக்கத்து மெஷின்கள் ஓயும் நேரங்களில் ஒரு சத்தம் கேட்கும், என் தோளுக்கு மேலே, மெதுவாக யாரோ கொறிக்கும் சத்தம்.

தையில் ஒரு சாயங்காலம் மழை. நானும் சாரும் மட்டும் இருந்தோம். அவர் அந்தக் கோடியில் ரிப்பன் சுற்றிக்கொண்டிருந்தார். சத்தம் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

“பொன்னி?” என்றேன், உதடு அசையாமல்.

கொறிப்பது நின்றது.

என் கன்னத்தில் மூச்சு பட்டது. வறுகடலை வாசனை.

“நிறுத்தாத,” என்றது. “அடி.”

அடித்தேன்.

பரீட்சையன்று மூன்று தடவை மெஷினைச் சுத்தம் செய்தேன். அன்றைக்கு ஒரு துகள்கூட இல்லை. மணி அடித்ததும் கை தானாகப் போயிற்று. நான் வெறுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வைக்கு வந்த டீச்சரம்மா பக்கத்தில் வந்து, “முடிச்சிட்டியா? இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குதேம்மா,” என்று ஆச்சரியப்பட்டார்.

சித்திரையில் ரிசல்ட் வந்தது. இன்ஸ்டிடியூட்டிலேயே தமிழில் ஃபர்ஸ்ட் கிளாஸ் நான் ஒருத்திதான். சார் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, என் தலையில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தார்.

“அப்படியே பொன்னியோட கை,” என்றார்.

செத்தவள் மேல் பொறாமைப்பட முடியுமா என்று கேட்டால், முடியும். உயிரோடு இருந்தபோது பட்டதைவிட ஜாஸ்தியாகப் பட்டேன். என் பாஸ் எனக்கு வேண்டும். செய்ததை ஒப்புக்கொண்டுவிட்டால் அவள் என்னை விட்டுவிடுவாள், அப்புறம் வருவது என் கையாக இருக்கும் என்று தோன்றியது. அன்றைக்கே அடி அண்ணாமலைக்குப் பஸ் ஏறினேன்.

பொன்னியின் அம்மா காசியம்மாள் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மலை நிழல் தெருவெல்லாம் படர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“ராஜிதானே? வாம்மா. அவ சொல்லியிருக்கா உன்னப் பத்தி.”

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலம், ஒரு பிடி, கம்பிகள், சார் திட்டியது. சொல்லி முடித்து அழுதேன். காசியம்மாள் கடலை உரிப்பதை நிறுத்தவேயில்லை.

“அதெல்லாம் போகட்டும் விடும்மா,” என்றாள். “அதான் இந்த வாட்டி பாஸ் பண்ணிட்டாளே.”

“யாரு?”

“பொன்னிதான். நேத்தே வந்து சொன்னா. ஃபர்ஸ்ட் கிளாஸாமே. பக்கத்து வீடுங்களுக்கெல்லாம் சக்கரை குடுத்தேன்.” உச்சுக் கொட்டினாள். “நீதான் இந்த வாட்டியும் கோட்டை விட்டுட்டியாமே. பாவம், அதுக்கு அவ ரொம்ப வருத்தப்பட்டா.”

பயப்பட வேண்டிய இடம் அது. எனக்கு வந்தது கோபம். வயிற்றில் அதே எரிச்சல்.

“அது நான்!” என்று கத்தினேன். “பாஸ் பண்ணது நான்! அது என் பரீட்சை நம்பர்!”

காசியம்மாள் சட்டென்று உதட்டில் விரல் வைத்தாள்.

“மெதுவா பேசும்மா. இப்பதான் கிளாஸ்லேர்ந்து வந்து படுத்தா.”

அவள் தோளுக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு ஏற்றவில்லை. பாயில் யாரோ போர்த்திப் படுத்திருந்தார்கள்.

என் குரல் கேட்டு அந்த உருவம் புரண்டது.

போர்வைக்கு வெளியே ஒரு கை வந்து பாயின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே அதன் விரல்கள் பாயைத் தட்ட ஆரம்பித்தன. என்ன வரி என்றுகூட எனக்குத் தெரிந்தது, பரீட்சைப் பேப்பரின் முதல் வரி. தப்பில்லாமல் போயிற்று.

என்னைவிட வேகமாக.