பதினேழாம் எண்ணின் குரல்

"பதினேழு" என்று கூப்பிட்டதும் பினாமி தொண்டையைச் செருமிக்கொண்டான். ஆனால் அவன் வாயைத் திறப்பதற்குள் கூடத்தின் பின்வரிசையிலிருந்து "உள்ளேன் ஐயா" என்று பதில் வந்துவிட்டது. கரகரத்த, பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்டது போன்ற குரல். குறட்டைக்காக ஜெனரேட்டர் என்று பேர் வாங்கிய அறைத்தோழனின் குரல். மூன்று வருடம் ஒரே அறையில் அதைக் கேட்டவனுக்குச் சந்தேகம் வர வழியில்லை. ஒரே ஒரு சிக்கல், ஜெனரேட்டர் அந்த நேரத்தில் ஒரு ராத்திரிப் பேருந்துப் பயணத் தூரத்தில், அறுவை சிகிச்சை முடிந்த தன் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான்.

தற்காலிக வார்டன் தலை நிமிராமல் டிக் போட்டார். "பதினெட்டு."

"உள்ளேன் ஐயா" என்றான் பினாமி, தன் சொந்தக் குரலில். அதைப் பயன்படுத்த அவனுக்கு வாய்ப்பு குறைவு.

அந்த விடுதிக்கு வயது நூற்றுப் பத்து. விடுதிதான் முதலில் வந்தது, பல்கலைக்கழகம் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டது என்று விடுதிக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். பல்கலைக்கழகம் இதை மறுக்கக்கூட மெனக்கெட்டதில்லை. முதல் வார்டனுக்குக் கடைசிக் காலத்தில் கண்பார்வை போய்விட்டது. பதவியை மட்டும் அவர் விடவில்லை. மாலை ஏழு மணிக்குக் கட்டில் எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, குரலை வைத்தே ஆளைக் கண்டுகொண்டார். அவருக்கு மரியாதையாக, பின்னால் வந்த வார்டன்கள், கண் நன்றாகத் தெரிந்தவர்கள், எல்லோருமே பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்தான் வருகை எடுத்தார்கள். 'குரல் உண்டெனில் ஆள் உண்டு' என்று கூடத்துச் சுவரில் பித்தளை எழுத்தில் பதித்தும் வைத்திருந்தார்கள். இந்த மரபை மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பினாமி ஒரே மாலையில் பதினொரு பேருக்குப் பதினொரு குரலில் ஆஜர் கொடுத்தவன். பெயர் சும்மா வரவில்லை.

இந்த முறை விளையாட்டு இல்லை. விடுமுறைச் சிறப்பு வகுப்புக்காக ஆறு பேர் மட்டும் தங்கியிருந்தார்கள். ஜெனரேட்டர் கணக்கில் ஏற்கெனவே இரண்டு நாள் 'இல்லை' விழுந்திருந்தது. மூன்றாவது விழுந்தால் கட்டில் போய்விடும். கட்டில் போனால் படிப்பும் போன மாதிரிதான், வெளியே தங்க அவன் வீட்டில் வசதி கிடையாது. விடுப்புக் கேட்டுப் போனபோது தற்காலிக வார்டன், "விடுப்பு குடுக்க எனக்கு அதிகாரம் இல்லப்பா. மறுக்கத்தான் இருக்கு" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். "ரெண்டு நாள் சமாளிச்சுடு மச்சான், மூணாம் நாள் ஏழு மணிக்குள்ள வந்துடறேன்" என்று பினாமியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு ஜெனரேட்டர் கிளம்பினான்.

முதல் நாளே ஒரு தப்பு நடந்தது. முப்பத்தொன்று என்ற எண்ணை, விடுமுறையில் போயிருந்த நிரந்தர வார்டன் கூப்பிட்டதே இல்லை. முப்பதுக்குப் பிறகு பக்கத்தைப் புரட்டி, எச்சில் விழுங்கி, முப்பத்திரண்டு என்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அந்த எண்ணில் கட்டிலும் இல்லை. தற்காலிக வார்டனுக்கு இது தெரியாது. ஊருக்குப் போனவர்கள் எண்களைத் தாண்டி, மீதியை அச்சடித்தபடி வாசித்தார். "முப்பத்தொன்று." அமைதி. "முப்பத்தொன்று, யாருப்பா அது?" பேனா நின்றது. தலை கொஞ்சம் அசைந்தது. இவர் இப்போது நிமிர்ந்தால் ஜெனரேட்டரின் நாற்காலி காலி என்பது தெரிந்துபோகும். பினாமி யோசிக்கவில்லை. பழக்கதோஷம். அடிவயிற்றிலிருந்து, யாருடையதும் அல்லாத ஒரு குரலை எடுத்து, "உள்ளேன் ஐயா" என்றான்.

டிக் விழுந்தது. மற்ற நான்கு பேரும் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்கள். இல்லாத ஆளுக்கே ஆஜர் கொடுத்துவிட்டான் என்று அன்று ராத்திரி பூராவும் அவனுக்குப் பாராட்டு.

இரண்டாம் நாள்தான் அந்தப் பின்வரிசைக் குரல். அன்று முப்பத்தொன்றைக் கூப்பிட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. யாருக்கோ அந்த எண் இனித் தேவைப்படவில்லை என்பது போல.

வருகை முடிந்ததும் பினாமி பின்வரிசைக்குப் போய்ப் பார்த்தான். தூசி படிந்த நாற்காலிகள், மெழுகு போட்ட தரையின் வாசனை, ஜன்னலில் மழை. அவ்வளவுதான். கூட வந்த தலைவர், அதாவது மாணவர் தேர்தலில் தன் ஓட்டை மட்டும் வாங்கித் தோற்றவன், முதுகில் தட்டினான். "சும்மா சொல்லக்கூடாதுடா. உதடே அசையல. குரல் பின்னாடி இருந்து வருது. எங்கடா கத்துக்கிட்டே?"

"நான் குடுக்கலடா."

"தன்னடக்கம் வேறயா" என்று அவன் சாப்பிடப் போய்விட்டான்.

ரொட்டியும் முட்டையும் எப்போதும் போல் வருகைச் சீட்டின் கணக்குப்படி வந்தன. சாப்பிட்டது ஐந்து பேர். சமையல்காரர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பினாமி பக்கத்தில் போய் நின்றான்.

"அண்ணே, எத்தனை தட்டு?"

"சீட்டுல ஆறு. ஆறு வச்சேன்."

"கழுவ வந்தது?"

"ஆறு." அவர் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார். "ஏன் தம்பி, குறையணுமா?"

ஜெனரேட்டருக்குப் போன் போட்டான். மணி போய்க்கொண்டே இருந்து, எடுத்ததும் ஒரு கீச்சுச் சத்தம்.

"என்னடா ஆச்சு உன் குரலுக்கு?"

"தெரியல. ஏழு மணிக்கு மேல திடீர்னு கட்டிக்கிச்சு." காற்றுதான் பேசியது. "அம்மா நல்லா இருக்காங்க. ஆஜர் குடுத்தியா?"

பினாமி நாக்கைக் கடித்துக்கொண்டான். "டிக் விழுந்துச்சு. நீ உடனே கிளம்பி வா."

மாடி ஏறினான். நடைக்கூடத்துக் குழல்விளக்கு வண்டு போல் முனகிக்கொண்டிருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை, யாரோ சற்றுமுன் நடந்துபோன பிறகு எஞ்சும் காற்றின் அசைவு, பூட்டிய அறைகளின் அடியில் கோடு கோடாக இருட்டு. அவர்கள் அறைக் கதவில் சாவியை வைத்தவன் அப்படியே நின்றான்.

உள்ளே குறட்டை.

ஏறி, ஏறி, உச்சியில் ஒரு விக்கல். பிறகு இறக்கம். மூன்று வருடமாகத் தலையணையால் காதைப் பொத்தவைத்த அதே சத்தம். கதவைத் தள்ளி விளக்கைப் போட்டான். கட்டில் காலி. விரிப்பில் சுருக்கம் இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை. தலையணைக்கு ஒரு சாண் மேலிருந்து வந்தது. விக்கல். இறக்கம். பிறகு, தூக்கத்தில் புரள்பவனைப் போல, சத்தம் அவன் பக்கம் திரும்பியது.

அன்று அவன் மாடிப்படியில் உட்கார்ந்தே விடியலைப் பார்த்தான்.

மூன்றாம் நாள் ஆறரைக்கு ஜெனரேட்டர் நனைந்துபோய் வந்து சேர்ந்தான். பினாமி அவனைக் கட்டிப்பிடித்தான். பதிலுக்கு அவன் உதட்டை அசைத்தான். காதை வாயருகே வைத்தால்தான் ஏதோ கேட்டது.

"பரவாயில்லடா. ஒரே ஒரு வார்த்தை. எப்படியாவது சத்தமா சொல்லிடு. போதும்."

ஏழு மணி. முன்வரிசையில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். பினாமி அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். சூடு இருந்தது. நாடி இருந்தது.

"பதினேழு."

ஜெனரேட்டர் எழுந்தான். மூச்சை இழுத்தான். கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தான்.

"உள்ளேன் ஐயா." பின்வரிசையிலிருந்து.

டிக்.

"ஐயா" என்றான் பினாமி. "ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க ஐயா. பதினேழு இங்க நிக்கறான்."

"கேட்டுச்சேப்பா. நல்லா தெளிவா கேட்டுச்சு." பேனா அடுத்த வரிக்கு இறங்கியது. "மரபுன்னு ஒண்ணு இருக்கில்ல. பதினெட்டு."

தன் எண் பினாமியின் காதில் விழவில்லை. ஜெனரேட்டர் அவன் பக்கம் திரும்பியிருந்தான். கண்ணில் நீர். வாய் திறந்தது.

"யாருடா அது?" பின்வரிசை கேட்டது.

திறந்தது.

"மச்சான், பயமா இருக்குடா." பின்வரிசை.

தலைவர் திரும்பினான். அவன் பார்வை ஜெனரேட்டர் மேல் பட்டது, படவில்லை, கண்ணாடியைக் கடப்பது போல் கடந்து பின்னால் போனது. முகம் மலர்ந்தது. "டேய், ஜெனரேட்டர்! எப்படா வந்தே? அம்மா எப்படி இருக்காங்க?"

பினாமியின் பிடிக்குள் மணிக்கட்டு குளிர்ந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் அதை உருவிக்கொண்டு, இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டான். விரல்கள் வெளுத்தன. உதடுகள் மூடியிருந்தன.

"நல்லா இருக்காங்கடா" என்றது பின்வரிசை, நிதானமாக, ஒரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. "இப்பதான் வந்தேன். இனிமே எங்கயும் போகல."