தோட்டாமழையின் கடைசிக் கட்டம்

காலையில் கடையைத் திறந்து மெஷின்களுக்கு சுவிட்ச் போட்டால், சாயங்காலம்வரை எனக்கு ஒரே வேலைதான்: ஜெயித்தவர்களுக்குப் பரிசு எடுத்துக் கொடுப்பது. தூத்துக்குடியில் என் கேம் சென்டருக்கு வருகிறவர்கள் எல்லாருமே ஜெயிப்பார்கள். ‘தோட்டாமழை’ என்று ஒரு விண்கல ஆட்டம். திரை முழுக்கத் தோட்டா கொட்டும், நடுவே நம் சின்னக் கப்பல். அதையும் கொட்டாவி விட்டுக்கொண்டே முடித்துவிட்டுப் போவார்கள். இதெல்லாம் ஒரு ஆட்டமா, கருமம்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எல்லார் கண்ணிலும் காப்புவில்லை இருக்கிறது, பேச்சுவழக்கில் லென்ஸ் என்போம். நம்மேல் மோதப்போவதை மட்டும் அது பளிச்சென்று காட்டும், மற்றதைப் புகையாக்கிவிடும். அது வந்தபிறகு சாலையில் விபத்தே இல்லை, அதனால் சட்டமாக்கிவிட்டார்கள். திரையில் ஆயிரம் தோட்டா பறந்தாலும் இவர்களுக்குத் தெரிவது மேலே படப்போகிற இரண்டு மூன்றுதான்.

என் மனைவி பெனிட்டாவுக்கு மட்டும் லென்ஸ் ஒத்துக்கொள்ளாது, கண் வீங்கிவிடும். அதனால் அவளுக்கு விலக்கு. வெறுங்கண்ணோடு ஆடுவாள், தோற்பாள். தோற்றுவிட்டு, “அந்த ஊதா வளையம் விரிஞ்சுதே, பாத்தீங்களா?” என்பாள். நான் என்னத்தைக் கண்டேன்.

இப்போது எல்லாக் கண்ணுக்கும் ஒத்துக்கொள்கிற புது லென்ஸ் வந்துவிட்டது. ஒருமுறை மாட்டினால் கழற்ற முடியாது. மறுநாள் மாட்ட ஆள் வருகிறது என்று தகவல் வந்ததும், பெனிட்டா மத்தியானமே கடையை அடைக்கச் சொன்னாள்.

“கடைசிக் கட்டத்தை இன்னைக்கே முடிச்சாகணும்ங்க. நாளைக்கு ஜெயிச்சா அது நான் ஜெயிச்சது இல்ல.”

“சரி, ஆடு.”

“நீங்களும் கழட்டிட்டு நில்லுங்க. ஒரு தடவையாவது பாருங்க.”

என்னுடையது பழைய மாதிரி லென்ஸ், கழற்றலாம். தலை சுற்றும் என்று பயந்து யாரும் கழற்றுவதில்லை. கழற்றினேன்.

அடேயப்பா. ரோஜா நிறத் தோட்டாக்கள் அடுக்கடுக்காக விரிந்து வந்தன. அவற்றை ஊடறுத்துப் பச்சை ஊசிகள். அதற்கு மேலே ஒரு தங்கச் சுருள் சுழன்று சுழன்று இறங்கியது. தலை சுற்றினாலும் கண்ணை எடுக்க மனமில்லை. அவள் கப்பலை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“இதுல எப்படிட்டி வழி தெரியுது?”

“தோட்டாவைப் பாத்தா செத்தோம். நடுவுல இருக்க இடுக்கைப் பாருங்க.”

கடைசி எதிரி வந்தபோது அவளிடம் ஒரு உயிரும் ஒரு குண்டும் மிச்சம். குண்டைப் போட்டால் திரையில் உள்ள தோட்டா அத்தனையும் அழிந்துபோகும். லென்ஸ் வருமுன் இந்த ஆட்டக்காரர்கள் செய்த பெரிய தப்பே, பின்னால் உதவும் என்று அதைப் பொத்திவைத்துக்கொண்டு சாவதுதான். அவளும் அப்படி எத்தனையோ முறை செத்திருக்கிறாள். திரையில் இம்மி இடமில்லை.

“குண்டைப் போடு, பெனி.”

“இம்புட்டு அழகை எப்படிங்க அழிக்கிறது?”

இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே கப்பலை நுழைத்தாள். வெடித்தது எதிரிதான். என் பெண்டாட்டி மாதிரி ஆட இந்த ஊரில் ஒருத்தன் இல்லை, எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பாராட்ட அவள் பக்கம் திரும்பினேன். கல்யாணத்துக்கு முன்பே லென்ஸ் மாட்டியவன் நான். அவள் என்மேல் மோதப்போகிறவள் இல்லையே, அதனால் இத்தனை வருஷமும் எனக்கு அவள் ஒரு குரலும் கொஞ்சம் புகையும்தான். சிரித்தால் அவள் கன்னத்தில் குழி விழும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமே இல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஆள் வந்து அவளுக்கு மாட்டிவிட்டுப் போனான். கண் வீங்கவில்லை. நான் என்னுடையதைத் திரும்ப மாட்டாமல் அவள் எதிரிலேயே நின்றேன். அவள் பார்வை என்னைத் தாண்டி வாசலுக்குப் போய்த் திரும்பியது.

“ஏங்க, எங்க இருக்கீங்க?”

“இங்கதாம்ட்டி, உன் முன்னாலதான்.”

கையை நீட்டித் துழாவி என் சட்டையைப் பிடித்தாள்.

“இந்தப் புகையா நீங்க?” என்றாள். சட்டையை விடவில்லை. பிறகு கேட்டாள்: “இத்தன வருசமா நானும் உங்களுக்கு இப்படித்தான் தெரிஞ்சேனா?”