பிணத்தையும் எண்ணியவன்

அம்னுன் கிழவரின் வீட்டுக் கதவை நெரியோ தட்டியபோது பிற்பகல் மூன்று மணி. புகாரா நகரின் யூதர் தெருவில் பனி உருகி, மண்சுவர்கள் ஈரத்தில் நாறிக்கொண்டிருந்தன. பாதி வீடுகளுக்குப் பூட்டு. ஆட்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறக்கக் கிழவரால் எழ முடியாது என்று நெரியோவுக்குத் தெரியும். ஆனாலும் மரியாதைக்குத் தட்டினான். பின்னால் அவன் மனைவியின் தம்பி போருக், கிழவரை நாற்காலியோடு தூக்க வந்தவன், முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான்.

உள்ளே மருந்து நெடி. கிழவரின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"வந்துட்டியா எமனே. இன்னிக்கு வேண்டாம்டா. நெஞ்சுக்குள்ள யாரோ உக்காந்திருக்கான்."

"அரை மணி நேரந்தான் அண்ணே. போர்வையோடவே தூக்கிட்டுப் போறோம்."

"நான் செத்தாக்கூட விடமாட்டே போல."

"செத்துடாதீங்க. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு."

அதைச் சொல்லும்போது நெரியோ சிரிக்கவில்லை. போருக்குக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினான்.

பன்னிரண்டு நாள் கணக்கு இதுதான். நெரியோவின் ஒரே மகன் கவ்ரியேல், கர்ஷி சாலையில் லாரி கவிழ்ந்து இருபத்திரண்டு வயதில் போனான். கல்யாணமாகாதவன். செத்தவரின் ஆத்மாவுக்காகப் பிள்ளைகள் சொல்லும் கடீஷ் ஜெபத்தை அவனுக்காகச் சொல்லப் பிள்ளைகள் கிடையாது. பிள்ளைக்காகத் தகப்பன் முப்பது நாள் அந்த ஜெபத்தைச் சொன்னால் போதும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நெரியோ கேட்கவில்லை. பதினொரு மாதம், ஒரு நாள்கூட விடாமல் சொல்வேன் என்று குழிக்குள் மண் விழும்போதே சத்தியம் செய்துவிட்டான். ஒரு நாள் தவறினாலும் மகனின் ஆத்மா பாதி வழியில் நின்றுவிடும் என்று நம்பினான். தூக்கத்தில்கூட அந்தப் பயம் அவனை விடவில்லை.

கடீஷைத் தனியாகச் சொல்ல முடியாது. சொல்பவனோடு சேர்த்துப் பத்து ஆண்கள் வேண்டும், மற்றவர்கள் ஆமேன் சொல்ல. தெருவில் மிச்சமிருந்தது அவனையும் சேர்த்துச் சரியாகப் பத்துப் பேர். அதில் பத்தாவது ஆள், நடக்க முடியாத அம்னுன்.

ஜெபக்கூடத்தில் இரும்பு அடுப்பு புகைந்தது. நெரியோ ஆட்களை எண்ணினான். அங்கே மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது. எண்ணினால் சாவு எட்டிப் பார்க்கும். பத்துச் சொல் கொண்ட வசனம் ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு சொல். கடைசிச் சொல் கடைசி ஆள்மேல் விழுந்தால் பத்துப் பேர். அது அம்னுன்மேல் விழுந்தது.

எல்லோரும் மேற்குச் சுவரைப் பார்த்து நின்று வாய்க்குள் முணுமுணுக்கும் ஜெபம் தொடங்கியது. நெரியோவின் பக்கத்தில் கிழவர் நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இழுத்து இழுத்து வாங்கிய அந்த மூச்சு, நடுவில் நின்றது.

நெரியோ திரும்பிப் பார்த்தான்.

கண் திறந்திருந்தது. தாடை தொங்கிவிட்டது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை.

கடீஷுக்கு இன்னும் இரண்டு நிமிடம். இப்போது வாயைத் திறந்தால் ஒன்பது பேர். கூட்டம் கலைந்துவிடும், மகனுக்கு இன்றைக்குக் கடீஷ் கிடையாது. பாவி, யோசிக்கக்கூட இல்லை. கிழவரின் தோளில் கிடந்த ஜெபச் சால்வையை அவர் தலைமேல் இழுத்துவிட்டு, அதன் முனையைத் தாடைக்கடியில் சுருட்டிக் கொடுத்து, தலையை நிமிர்த்தி வைத்தான். பிறகு முன்னே வந்து கடீஷ் சொன்னான். குரல் தடுமாறவே இல்லை.

"ஆமேன்" என்றார்கள் எட்டுப் பேர்.

ஒரு கணம் கழித்து, சால்வைக்குள்ளிருந்து, ஒன்பதாவது ஆமேன் வந்தது.

நெரியோ அதைக் கேட்டான். காது ஏமாற்றியது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். ஜெபம் முடிந்ததும், "அண்ணன் தூங்கிட்டார் போல" என்றான். போருக் சால்வையை விலக்கினான். முகத்தைத் தொட்டான். தாடைக்கடியில் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்தான். நிமிர்ந்து நெரியோவின் கண்ணுக்குள் பார்த்தான்.

"இதை யாரு சுருட்டி வெச்சது மச்சான்?"

நெரியோ சால்வையை வாங்கி மடிக்கத் தொடங்கினான்.

மறுநாள் காலையில் அடக்கம் செய்தார்கள். பிற்பகலில் ஒன்பது பேர் கூடினார்கள். பத்தாவது ஆள் கிடைக்க வழியே இல்லை என்று தெரிந்தும் நெரியோ எண்ணத் தொடங்கினான். எட்டுச் சொல் எட்டுப் பேர்மேல் விழுந்தது. ஒன்பதாவது சொல்லைத் தனக்கு வைத்துக்கொண்டு நிறுத்தினான்.

பத்தாவது சொல்லை மூலையிலிருந்து யாரோ சொன்னார்கள்.

அங்கே அம்னுனின் நாற்காலி கிடந்தது. வெறும் நாற்காலி.

அது எல்லோர் காதிலும் விழுந்தது. ஜெபம் நடத்தும் கிழவர் ஹிஸ்கியோவின் கையிலிருந்து புத்தகம் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. மருந்து நெடி மெல்ல மெல்ல ஏறியது.

"வெளியில போயிடலாம்" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

நெரியோ கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். "பத்து ஆயிடுச்சு. ஜெபம் பண்ணுங்க."

"உனக்குப் பைத்தியமா? அது யாரு சொன்னாங்க?"

"யாரு சொன்னா என்ன? பத்து ஆயிடுச்சு. என் பிள்ளைக்காகப் பண்ணுங்க. கால்ல விழறேன்."

விழவும் செய்தான். நடுங்கிக்கொண்டே செய்தார்கள். கடீஷுக்கு நடுவே அந்த மூலையிலிருந்து ஆமேன் வந்தது. இந்த முறை மற்றவர்களுக்கு முந்திக்கொண்டு வந்தது, அவசரப்படுத்துவதுபோல.

அடுத்த நாள் ஏழு பேர்தான் வந்தார்கள். எட்டாவது சொல்லை அம்னுன் சொன்னார். ஒன்பதாவதை வேறொரு குரல் சொன்னது. இருபது வருடத்துக்கு முன் செத்துப்போன தையல்காரரின் குரல் என்று ஹிஸ்கியோ அடையாளம் கண்டுகொண்டு, வெறுங்காலோடு தெருவில் ஓடினார். பத்தாவதைச் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

போருக் நாற்காலியை உடைத்து அடுப்பில் போட்டான். மரம் எரியும் வாசனை வரவில்லை. மயிர் கருகும் நாற்றம் வந்தது.

மறுநாள் கம்பளத்தில், நாற்காலி இருந்த இடத்தில், ஈரமாக நான்கு தடங்கள்.

அதன்பின் ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்கு விசா வந்துவிட்டது. தெருவில் நெரியோவைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். ரொட்டிக் கடையில் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அவன் வீட்டுச் சுவரில் யாரோ கரியால் "பிணந்தூக்கி" என்று எழுதினார்கள். அவன் மனைவி சிவ்யோ அதைக் கழுவினாள். மறுநாள் திரும்ப எழுதினார்கள்.

ஆனால் கடீஷ் ஒரு நாளும் தவறவில்லை. உயிரோடு இருந்தவர்கள் குறையக் குறைய மற்றவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

பதினோராம் நாள் போருக் மட்டும் வந்தான். உள்ளே நுழையவில்லை. வாசலில் நின்றே பேசினான்.

"போதும் மச்சான். செத்துப்போன என் அக்கா பிள்ளை மேல ஆணை. நிறுத்திடு."

"நாளைக்கு ஒரு நாள்தான்டா."

"நீ ஒரு பிணத்தை ஆளா எண்ணினே. அதான் அதுங்க எல்லாம் எழுந்து வந்து உக்காந்திருக்கு. சும்மாவா உக்காந்திருக்கும்னு நினைக்கிறே?"

"ஆமேன் சொல்றதுக்கு வருதுங்க. வேற என்ன கேக்குதுங்க?"

"கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போருக் போய்விட்டான்.

கடைசி நாள். மணி நான்கு. ஜன்னல் வழியே நல்ல வெயில் விழுந்தது. நெரியோ தனியாக உள்ளே வந்தான். அடுப்பு அணைந்து கிடந்தது. பெஞ்சுகளில் ஒருவருமில்லை. இன்றோடு தீர்ந்தது, மகனே, நீ போய்ச் சேர்ந்துவிடுவாய் என்று நினைத்துக்கொண்டான். பதினொரு மாதத்தில் முதல்முறையாக அழுதான்.

எண்ணுவதற்கு வாயைத் திறந்தான்.

அவனுக்கு முன்பாகவே முதல் சொல் ஒலித்தது.

அம்னுனின் குரல்.

இரண்டாவது சொல் அடுத்த பெஞ்சுமேல் விழுந்தது. பலகை கிரீச்சிட்டது. மூன்றாவது. நான்காவது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பலகை கிரீச்சிட்டது. சத்தம் சுவரோரமாகச் சுற்றி வந்தது. ஏழு. எட்டு.

ஒன்பதாவது சொல் அவனுக்கு நேர் முன்னால், ஜெபம் நடத்துபவர் நிற்கும் மேடைமேல் விழுந்தது.

பத்தாவது சொல்லோடு ஒரு விரல் அவன் தோளைத் தொட்டது.

சட்டையைத் தாண்டி எலும்புவரை குளிர்ந்தது.

"நான் உங்க ஆள் இல்ல" என்றான் நெரியோ. குரல் எழும்பவில்லை. "நான் உசிரோட இருக்கேன் அண்ணே."

காதோரம் மருந்து நெடி அடித்தது.

"நான் செத்திருந்தேன். நீ எண்ணினே. நீ உசிரோட இருக்கே. நாங்க எண்ணறோம்."

"யாருக்காக?"

"பொறுடா. சொல்ல வேண்டியவன் சொல்லுவான்."

மேடையிலிருந்து ஒருவன் கடீஷ் தொடங்கினான்.

இளம் குரல். 'ர' வரும்போது கொஞ்சம் உருட்டும் குரல். பதினொரு மாதமாக நெரியோ தூக்கத்தில் கேட்கத் தவம் கிடந்த குரல்.

"கவ்ரியேல்" என்றான் நெரியோ. "கண்ணு."

குரல் நிற்கவில்லை. தெரிந்தவன் பெயரைக் கேட்டதுபோல்கூட அது தயங்கவில்லை. ஓரிடத்திலும் பிசகாமல், கடமையாக, சொல்லிக்கொண்டே போனது.

"எதுக்குடா நீ சொல்றே? உனக்காக நான்ல சொல்லணும்?"

சுற்றிலும் பெஞ்சுகளில் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

"மகன் அப்பனுக்குச் சொல்றதுதானே முறை" என்றார் அம்னுன்.

நெரியோ கதவுக்கு ஓட நினைத்தான். கால் எழவில்லை. எட்டுக் குரல்கள் ஒன்றாக ஆமேன் என்றன. பிறகு அவனுக்காகக் காத்திருந்தன. கூடமே அமைதியாக அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பல்லைக் கடித்தான். தோள்மேல் இருந்த விரல் அழுந்தியது.

அவன் வாய் ஆமேன் என்றது.

மாலையில் போருக் போய்ப் பார்த்தபோது நெரியோ கூடத்தின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். உயிர் இருந்தது, நினைவு இருந்தது, கேட்டதற்கு ஒழுங்காகப் பதிலும் சொன்னான். சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். மறுநாளே ஊரை விட்டுப் போய்விடலாம் என்று சிவ்யோவிடம் சொன்னான். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

காலையில் அவள் பெட்டி கட்டினாள். மகனின் உடைகளைத் துவைத்து மடித்துத் தனிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில்தான் இருந்தது, பதினொரு மாதமும். எதை எடுத்துப் போவது என்று பார்க்க அதைத் திறந்தாள்.

"இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். "இதை யாரு இப்படிப் பண்ணினது?"

மேலே இருந்த வெள்ளைச் சட்டை கழுத்துப் பட்டியிலிருந்து கீழே ஒரு சாண் நீளம் கிழிந்திருந்தது. இடது பக்கம், நெஞ்சுக்கு நேராக. புதிய கிழிசல், நூல் பிரிந்து தொங்கியது.

அந்த ஊரில் யாரும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அப்பன் செத்தால் மகன் தன் சட்டையை அங்கேதான் கிழித்துக்கொள்வான்.