வலது இறக்கை

“என் சம்சாரம் போன மாசம் தவறிட்டா சார். அவ காகிதம் ஒட்டிச் செஞ்சு, ஒத்தை இறக்கையோட விட்டுட்டுப் போன பறவை பொம்மைக்கு இப்ப ரெண்டு இறக்கை இருக்கு.” துப்பறிவாளரைத் தேடி வந்தவர் சொன்னார். “அவ கை கடைசியாத் தொட்டதை யாரோ கெடுத்துட்டாங்க. யாருன்னு தெரிஞ்சா சும்மா விடமாட்டேன்.”

துப்பறிவாளர் செருப்பை மாட்டுவதற்குள் அவருடைய மைத்துனன் தெருவில் இறங்கியிருந்தான். எல்லோரும் அவனை ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கதையைக் கேட்டு முடிப்பதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவான், பெரும்பாலும் தப்பான ஆளை.

வீட்டின் கீழறையில் வந்தவரின் தாயார் தையல் இயந்திரத்தில் ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். “குப்பையைப் பாக்கக்கூட ஆள் வருதா?” என்றார், நிமிராமலே. மருமகள் உயிரோடு இருந்தவரை அவளுடைய காகிதங்களுக்கு அவர் வைத்திருந்த பெயர் அதுதான். மகனால் அதை மன்னிக்க முடியவில்லை. சாவுக்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை.

மாடி அறையில், மேசைமேல் பறவை இருந்தது. உடம்பு துணி; இறகுகள் பழைய ரயில் அட்டவணை, கிழிந்த நிலப்படம், மஞ்சளேறிய செய்தித்தாள். கண் மட்டும் இல்லை. அதற்கான கறுப்புப் பொத்தான் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கிடந்தது.

“கண்ணைக் கடைசியா அவதான் வைப்பா. வேற யாரையும் தொட விடமாட்டா, இதைக் கண்காட்சிக்குக் கேட்டு வந்தவரைக்கூட” என்றார் கணவர்.

“கண்காட்சிக்காரர்தான் மாமா!” அவசரம் துள்ளினான். “முழுசா இருந்தாத்தானே விலைபோகும்?”

“விக்க நினைக்கிறவன் கண்ணை விட்டுவைப்பானா? இது அவங்க வழக்கம் தெரிஞ்ச ஆள், அதை மதிச்ச ஆள்.” துப்பறிவாளர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். “அவங்க கத்தரிக்கோல் வச்சா வெட்டுவாங்க?”

“இல்ல சார், கையாலதான் கிழிப்பா. ஓரம் பிசிறா இருந்தாத்தான் இறகு மாதிரி இருக்கும்பா.”

“இடது இறக்கை அப்படித்தான் இருக்கு. வலதைப் பாருங்க. ஒவ்வொரு ஓரத்தையும் உள்பக்கமா மடிச்சு ஒட்டியிருக்கு. துணின்னா நூல் பிரியும், மடிக்கணும். காகிதத்துக்கு எதுக்கு? ஆனா காலம் பூரா ஓரம் மடிச்ச கைக்குப் பிசிறை விட மனசு வராது.”

கீழே தையல் இயந்திரத்தின் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. தாயார் மாடி அறை வாசலில் நின்றார்.

“ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி கூப்பிட்டாடா. ‘கை நடுங்குது அத்தை, ஒரே ஒரு இறகு ஒட்டிக் குடுங்க’ன்னு கேட்டா. எனக்கு வேற வேலை இல்லையான்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டேன்.” புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். “ஒத்தை இறக்கையோட அது உக்காந்திருந்ததை என்னால பாக்க முடியலை.”

சும்மா விடமாட்டேன் என்று சொன்ன மனிதர் கிண்ணத்திலிருந்த பொத்தானை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். “நீயே வச்சிரும்மா.”

தாயார் அதை விரலால் ஒருமுறை தடவினார். “வேண்டாம்டா. அது அவ வைக்கிறது” என்று கிண்ணத்திலேயே திரும்பப் போட்டுவிட்டு, மகனின் தோளில் சாய்ந்து அழுதார்.