திட்டுக்கு அடியில் நீலப் படகு

“அந்த இடத்தை மூணு நாள் தேடிட்டேன், புள்ள. வெறும் மணல்! திரும்ப எதுக்கு?”

“அப்புறம் ஏன் மாமா, அந்தப் பக்கம் போனாலே சுக்கானைத் திருப்புறீங்க?”

சுக்கானைப் பிடித்திருந்த ரெமிஜியுஸ் பார்வையை வேறு பக்கம் திருப்பினார். ஜெனோவாவுக்குச் சந்தேகம் இன்னும் இறுகியது. மூன்று வருஷத்துக்கு முன் இந்தப் பக்கம் மீன்பிடிக்க வந்த அப்பா புயலில் படகோடு காணாமல் போனார். பத்து நாள் கழித்துத் தேடிப்போன அவருடைய கூட்டாளி இந்த மனிதர்தான். “பங்குப் படகை வித்துட்டு ஓடிட்டான்” என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னவரும் இவரே! அன்று முதல் அப்பாவுக்கு ஊரில் திருடன் என்று பெயர். எதை மறைக்கிறார்?

“அப்போ அங்கே மணல் திட்டு இருந்துச்சு. இப்போ பள்ளம். பாசி எடுக்க இங்கே முங்குற எனக்குத் தெரியாதா? ஏறுற தண்ணி திட்டோட ஒரு ஓரத்தைக் கரைச்சு மறு ஓரத்துல கொட்டும். இறங்குற தண்ணியால அவ்வளவையும் திருப்பிக் கொண்டுவர முடியாது. திட்டு நடந்துபோயிருச்சு, மாமா!”

“மணலுக்குக் காலா இருக்கு?” என்று முணுமுணுத்தாலும் படகைத் திருப்பினார்.

கடல்தரையில் என்ன இருக்கிறது என்று பார்க்க, ஜெனோவா கயிற்றில் கட்டிய ஈயக்குண்டின் அடியில் மெழுகு பூசி இறக்கினாள். ஒட்டி வந்தது மணல். மறுபடி, சிப்பித்தூள். மூன்றாவது முறை அவள் எடுப்பதற்குள் ரெமிஜியுஸ் குண்டைப் பிடுங்கினார்!

“காட்டுங்க!”

அவர் குண்டைத் திருப்பிக் காட்டினார். மெழுகில் நகக்கண் அளவு நீலச் சாயம். அப்பாவின் படகு நீலம்.

“சீக்கிரம் வந்துரு. தண்ணி திரும்பினா இழுத்துட்டுப் போயிரும்!”

அவர் கத்த, ஜெனோவா முங்கும் கண்ணாடியை மாட்டிக் குதித்தாள். கலங்கல். கை நீட்டினால் கை தெரியவில்லை. திடீரென்று விரல்களில் பலகை! பாதிவரை மணலில் புதைந்து கிடந்தது படகு. உள்ளே தடவிப் பார்த்தாள். வலை சுருட்டியபடி. நங்கூரம் கயிற்றோடு. விற்ற படகா இப்படிக் கிடக்கும்? அதற்குள் நீரோட்டம் அவள் கால்களை இழுத்தது. படகின் விளிம்பை உதைத்து மேலே பாய்ந்தாள்.

ரெமிஜியுஸ் அவள் தலைமுடியைப் பற்றிப் படகுக்குள் தூக்கிப் போட்டார். அவள் கண்டதைச் சொல்லக் கேட்டதும் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

“திட்டு அவன் மேல படுத்திருந்திருக்கு. நான் அது மேலயே நின்னு ஈயம் போட்டிருக்கேன். மணல் வந்துச்சுன்னு நம்பிட்டேன். அப்புறம், ஊர்ல தப்பாச் சொல்லிட்டேனோன்னு அந்த இடத்தைப் பார்க்கவே நெஞ்சு பதறுச்சு, புள்ள...”

மறைத்தது குற்றத்தை அல்ல, பயத்தை. ஜெனோவாவின் கோபம் கொஞ்சம் தணிந்தது. ஆனாலும் விடவில்லை.

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், ஊர் முன்னால நீங்களே எழுந்து நின்னு சொல்லணும், மாமா. எங்க அப்பா ஓடலைன்னு. சொல்லுவீங்களா?”